அத்தையையும் ஏற்காட்டுக்குக் கூட்டிப் போங்கள்

கேள்வி: நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் குடியிருக்கிறோம். சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் விட்டதும் சென்னையிலிருந்து என் நாத்தனார், அவர் கணவர், இரண்டு பிள்ளைகள் (9 வயது, 5 வயது) வருவார்கள். வந்தால் ஒருநாள் ஏற்காடு போவது வழக்கம். அத்தைக்கு (என் மாமியார், 67 வயது) சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன வருஷம் வழக்கம்போல ஆறு மணிக்கே மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டார். டிபனை மேலே போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் காபியோடு ஆறரைக்குக் கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், வண்டிகள் நகரவே இல்லை. பதினொன்றாவது வளைவு தாண்டியதும் அத்தைக்குக் குப்பென்று வியர்த்தது. சம்பந்தமில்லாமல் பேசினார். என்னையே "நீ யாரும்மா?" என்று கேட்டார். அதே நேரம் சின்னவன் வாந்தி. பயந்துபோய் பையிலிருந்த சாக்லேட்டையும் மாம்பழ ஜூஸையும் கொடுத்தோம், அரைமணியில் தெளிந்துவிட்டார். பாதியிலேயே திரும்பிவிட்டோம். சாயங்காலம் வீட்டு மெஷினில் பார்த்தால் 240. "சுகர் குறையல, மலைதான் ஒத்துக்கல. இந்த வருஷம் அம்மா வீட்டுலயே இருக்கட்டும்" என்கிறார் நாத்தனார். அத்தையும் "நான் வீட்டப் பாத்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் சேர்வராயன் கோயிலில் விளக்குப் போட வேண்டும் என்பது அவருக்கு ரொம்ப நாள் ஆசை. கூட்டிப் போகலாமா, டாக்டர்?

— ஒரு மருமகள், சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டிப் போங்கள். ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். போன வருஷம் நடந்தது என்ன என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் எங்கே கூட்டிப் போனாலும் பயம் கூடவே வரும். வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் அதே ஆபத்து ஆளில்லாத வீட்டில் அவரைத் தேடி வரலாம்.

கிளிமெபிரைடு என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. சாப்பாடு வருகிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. மாத்திரை உள்ளே போனால் இன்சுலின் வந்தே தீரும். 'சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதுகிறோமே, அதற்கு அர்த்தம் தட்டில் இட்லி வைத்தாயிற்று, இனி வாயில் போட வேண்டியதுதான் என்ற நேரம். அத்தை ஆறு மணிக்கு மாத்திரை போட்டிருக்கிறார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வயிற்றில் காபியைத் தவிர ஒன்றுமில்லை. குப்பென்ற வியர்வை, பேச்சில் தடுமாற்றம், வீட்டு மனுஷியையே அடையாளம் தெரியாமல் போவது, இனிப்பு உள்ளே போனதும் தெளிவது. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவரும் முதலில் நினைப்பது சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பதைத்தான். மூளை தனக்கென்று பெரிதாக எதையும் சேமித்து வைப்பதில்லை, ரத்தத்தில் வரும் குளுக்கோஸை நம்பியே வேலை செய்கிறது. அது குறைந்தால் முதலில் தடுமாறுவது புத்தி.

மாலையில் 240 இருந்ததே என்று நாத்தனார் கேட்பது நியாயமான சந்தேகம்தான். பலரும் ஏமாறுகிற இடம் அது. காலை எட்டரை மணிக்கு நடந்ததை மாலை ஆறு மணி ரத்தத்தில் பார்க்க முடியாது. சர்க்கரை விழும்போது உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள குளுக்ககான், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களைச் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சேமிப்பை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். அதற்கு மேல் சாக்லேட், ஜூஸ், பயத்தில் எல்லோரும் ஊட்டிய சாப்பாடு. மாலையில் ஏறாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. விரலைக் குத்திப் பார்த்திருக்க வேண்டிய இடம் அந்தப் பதினொன்றாவது வளைவு. இந்த முறை மெஷின் கூடவே வரட்டும்.

என் அம்மாவுக்கும் இப்படி ஆகியிருக்கிறது. பங்குனியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தி தள்ளிக்கொண்டே போனது. மாத்திரையை மணி தவறாமல் போடச் சொல்லிப் பழக்கியவள் நான்தான், அம்மாவும் போட்டுவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்டார். "அணைச்சிட்டேம்மா" என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோதுதான் முகத்தைப் பார்த்தேன். நெற்றிக் குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கின் மேல் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. சமையல்கட்டுக்கு ஓடி சர்க்கரை வாங்கித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். இரண்டு முறை பதில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேனே என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இப்போது அந்த நிபந்தனை. கிளம்புவதற்கு முன்னால், முடிந்தால் இந்த வாரமே, அத்தைக்கு மருந்து எழுதித் தரும் மருத்துவரிடம் கூட்டிப் போய், போன வருஷம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். வீட்டில் பேசி முடித்துவிட்டீர்களே தவிர, அவர் காதுக்கு இது போனதாக உங்கள் கடிதத்தில் இல்லை. வயதானவர்களுக்கு ஒருமுறை சர்க்கரை இப்படித் தாழ்ந்தால் கிளிமெபிரைடின் அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று யோசித்தே ஆக வேண்டும். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் இந்தத் தொல்லை அரிது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையும், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினினும் பார்த்து வெகு நாளாகியிருந்தால் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் மாத்திரையின் வேகம் உடம்பில் கூடுதல் நேரம் நிற்கும். பிரஷர் மாத்திரையின் பெயரையும் காட்டுங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் வகையாக இருந்தால் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வையை மறைக்காது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது வியர்வையை. நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம்.

மலை ஒத்துக்கொள்ளவில்லை என்ற பேச்சை விட்டுவிடலாம். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். சேர்வராயன் கோயில் உச்சியே 1,620 மீட்டர் அளவுதான். ஏறும்போது காது அடைக்கும். எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும்.

இனி அந்த நாளை எப்படி அமைப்பது என்பதைப் பார்ப்போம். உங்கள் வீட்டில் மலையை வைத்து நேரத்தைக் குறித்திருக்கிறீர்கள். அத்தையின் சாப்பாட்டை வைத்துக் குறியுங்கள், மீதியெல்லாம் தானாக ஒழுங்காகும். பிள்ளைகளுக்கு லீவுதானே, ஞாயிறை விட்டுவிட்டு ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களில் அண்ணா பூங்கா பக்கம் கால் வைக்க இடமிருக்காது. சேர்வராயன் கோயில் திருவிழாவும் மே மாதத்தில்தான். மலைவாழ் மக்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், அத்தையை வைத்துக்கொண்டு அந்த நெரிசல் வேண்டாம். அதற்கு முன்னாலேயே போய்விடுங்கள்.

காலை ஆறரைக்கு எல்லோரும் வீட்டில் சாப்பிடுங்கள். அத்தைக்கு மூன்று இட்லி, சாம்பார். தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரை. பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு இட்லி போதும், எண்ணெய் பலகாரம் அன்றைக்கு வேண்டாம். ஏழே முக்காலுக்குக் கிளம்பினால் கூட்டமில்லாத நாளில் ஒன்பதுக்கெல்லாம் மேலே இருப்பீர்கள். பத்தரை மணிக்கு அத்தைக்கு ஒரு கை சுண்டலோ ஒரு கொய்யாவோ. மத்தியானச் சாப்பாடு ஒரு மணியைத் தாண்டக் கூடாது. படகுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தாலும் சரி, சாப்பாட்டு நேரம் வந்தால் ஒருவர் அவரைக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிடுங்கள். நடை கூடினாலும் சர்க்கரை இறங்கும் என்பதை மறக்காதீர்கள். கிளியூர் அருவிக்குப் படி இறங்கி ஏறுவதெல்லாம் அவருக்கு வேண்டாம், கோடையில் பெரும்பாலும் அங்கே தண்ணீரும் மெலிந்திருக்கும். ஏரிக்கரை, லேடீஸ் சீட், கோயில். இந்த மூன்று போதும்.

கையில் ஒரு சின்ன பை. அதில் குளுக்கோஸ் டப்பா, ஒரு ஸ்பூன், தண்ணீர், சர்க்கரை பார்க்கும் மெஷின், நான்கு பிஸ்கட், மருந்துச் சீட்டு. வியர்த்தாலோ பேச்சு மாறினாலோ வண்டியை ஓரம் கட்டச் சொல்லி விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை அரை டம்ளர் தண்ணீரில் கலந்து கொடுங்கள். மெஷினைத் தேடி நேரம் போகிறது என்றால் பார்க்காமலேயே கொடுத்துவிடலாம், அந்த ஒரு டம்ளரால் கெடுதல் வராது. பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் பிஸ்கட்டோ சாப்பாடோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்பவும் விழும். சாக்லேட்டை நம்பாதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ரத்தத்துக்கு விடும். போன வருஷம் அவரைத் தெளிய வைத்தது பெரும்பாலும் அந்த ஜூஸ்தான். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். மேலே ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்த வகை மாத்திரையால் தாழ்ந்த சர்க்கரை சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் தாழலாம் என்பதால், தெளிந்துவிட்டாலும் அன்றே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறுத்திய காருக்குள் மருந்தை விட்டுவிட்டு இறங்காதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய கார் அடுப்பாகிவிடும். ஐஸ் கட்டியோடு ஒட்டவும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் உதவாது. ஈரத்துணியில் சுற்றி நிழலில், கைப்பையில். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்கள் ஒரு மண்பானைக்குள் தண்ணீரோ ஈரமணலோ போட்டு, அதற்குள் டப்பாவை நனையாமல் வைக்கலாம். நம் ஊர்க் கோடைக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

சின்னவன் வாந்திக்கு வருகிறேன். இருபது கொண்டை ஊசி வளைவு. உள்காது 'திரும்புகிறோம்' என்கிறது, முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. இரண்டும் முரண்படும்போது மூளை வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வயதுவரை இது அதிகம், வளர வளரக் குறையும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் சேலத்தில் வந்து இறங்கும் பிள்ளைகளை அன்றைக்கே மலைக்கு ஏற்றாதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு சீக்கிரம் புரட்டும். ஒருநாள் வீட்டில் நன்றாகத் தூங்கட்டும். வண்டியில் நடுவரிசையில் உட்கார வைத்து, கண்ணாடி வழியாக முன்னால் தெரியும் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிவாரம் தாண்டியதும் செல்போன் பெரியவர்கள் கையில். ஒவ்வொரு வளைவிலும் எண் பலகை இருக்கிறது, அதைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வரச் சொன்னால் கண் தானாக வெளியே போகும். ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வழியில் கோடை மழை ஒன்று விழுந்து காபித் தோட்டங்கள் பூத்திருந்தால், மல்லிகை போல ஒரு வாசனை வண்டிக்குள்ளேயே வரும். இரண்டு மூன்று நாள்தான் அந்தப் பூ நிற்கும், கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இவ்வளவு செய்தும் வாந்தி வரும் பிள்ளை என்றால் ப்ரொமெதசின் போன்ற மருந்து இருக்கிறது. குழந்தையின் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவில், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மருந்தும் வெளியே வந்துவிடும். இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. தூக்கம் வரும் மருந்து என்பதால் வண்டி ஓட்டுகிறவர் தொடக் கூடாது. பிள்ளைக்கு வாங்கியதில் ஒன்றை அத்தைக்கும் கொடுத்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தை உண்டாக்கும். பிறகு குழப்பம் மருந்தாலா, சர்க்கரையாலா என்று உங்களுக்கே தெரியாமல் போகும். வளைவுகளில் நிற்கும் குரங்குகளுக்குப் பிள்ளைகள் எதையும் நீட்ட வேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும்.

கோயிலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அதுதான் அதிகக் கவலை. சர்க்கரை பல வருஷம் இருந்தவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், அவர்களுக்கே அது தெரியாது. கோடையில் பதினொரு மணிக்குக் கல்தரையில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்றி வந்து, "ஒண்ணுமே சுடல டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு என் முன்னால் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுடவில்லை என்பதுதான் அங்கே வியாதி. சேலத்தைவிட ஏற்காட்டில் எட்டு டிகிரி வரை குறைவாக இருக்கும், அந்தக் குளிர்காற்றில் தரை சுடாது என்றே தோன்றும். ஆனால் உச்சி வெட்டவெளி, வெயில் நேராக விழும். அதனால் மலை ஏறியதும் முதல் வேலையாக, பத்து மணிக்குள் கோயிலை முடித்துவிடுங்கள். செருப்பைக் கழற்றும் இடத்தில் தடித்த பருத்திக் காலுறை மாட்டிவிடுங்கள். சாமிக்கு அது குற்றமாகாது. கோயில் குகைக்குள் இருக்கிறது, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் சட்டென்று நிமிர்ந்தால் கண் இருட்டும். வெளியே வந்ததும் ஒரு நிமிஷம் கையைப் பிடித்தபடி நில்லுங்கள். இரவு வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை விளக்கு வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்.

தண்ணீர் விஷயம் சுருக்கமாக. வயதானவர்களுக்குத் தாகம் எடுப்பது குறைவு. வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற கூச்சத்தில் இன்னும் குறைத்துவிடுவார்கள். மணிக்கு ஒருமுறை நீங்களே எடுத்துக் கொடுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துச் சொல்லிவிட்டால் மறுக்காமல் குடிப்பார். யாருக்காவது வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொடியைப் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். ஒரு லிட்டர் என்று போட்டிருப்பதை ஒரு டம்ளரில் கரைப்பது ஆபத்து.

வீட்டில் இந்த நாட்களில் மாம்பழமும் வந்துவிடும். அத்தைக்கு மட்டும் இல்லை என்று சொல்லி, எல்லோரும் அவர் முன்னால் சாப்பிடுவது வேண்டாம். நூறு கிராம் சதையில் ஏறக்குறைய 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு சாயங்காலம் இரண்டு கீற்று சாப்பிடட்டும். ஜூஸாக வேண்டாம், முழுச் சாப்பாட்டுக்கு மேலும் வேண்டாம்.

கடைசியாக, "நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னதைப் பற்றி. சர்க்கரை தாழ்ந்தபோது பேசியது அவர்களுக்கு நினைவிருக்காது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். 'மருமகளையே யாருன்னு கேட்டீங்க' என்று யாராவது சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாலும் அவருக்கு அது தைத்திருக்கும். தன் புத்தி போய்விட்டதோ, பிள்ளைகளின் நாளைத் தான் கெடுத்துவிட்டோமோ என்று உள்ளுக்குள் ஒடுங்கிவிடுவார்கள். "அத்தை, அது மாத்திரை நேரத்தால வந்தது, உங்களால இல்ல. டிபன் குடுக்காம கூட்டிப் போனது எங்க தப்பு" என்று நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து சொல்லுங்கள். நாத்தனாரிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள். அவர் அம்மாவை ஒதுக்கவில்லை, பயப்படுகிறார். காரணம் தெரிந்தால் அந்தப் பயம் குறையும். குளுக்கோஸ் இருக்கும் அந்தப் பையை அத்தையின் மடியிலேயே கொடுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதை அவரே எல்லோருக்கும் சொல்லட்டும்.

விளக்குக்கு எண்ணெயும் திரியும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். உச்சியில் காற்று பலமாக அடிக்கும், தீப்பெட்டி இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள்.